சாவி இருந்தும் மணி அடித்தவர்

தன் வீட்டு வாசலிலேயே, கையில் சாவியை வைத்துக்கொண்டு அழைப்பு மணியை அடிக்கும் ஒருவரை நான் தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில்தான் பார்த்தேன். ஒரு முறை அடிப்பார். இரண்டடி பின்னால் வந்து நிற்பார். உள்ளேயிருந்து அவருடைய மகள், "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் கம் இன்!" என்று கத்துவாள். அதன் பிறகுதான் சாவி பூட்டுக்குள் போகும்.

"பதினஞ்சு வயசுப் பிள்ளை உள்ளுக்கு இருக்குது. அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாளோ, எனக்கென்ன தெரியும்?" என்றார் ஒருநாள்.

"அதைக் கண்டுபிடிக்கத்தானே அக்கா மத்த அம்மாக்கள் எல்லாம் சத்தம் போடாம உள்ள போறாங்க?"

"அதுதான் நான் சத்தம் போடுறன்."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவரை முதுகுக்குப் பின்னால் 'பெல் அக்கா' என்று சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். பள்ளி நடந்தது ஓர் ஆங்கிலப் பள்ளியின் வாடகைக் கட்டடத்தில். நடத்தியது பெற்றோர் சங்கம். ஏறக்குறைய எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் கோயம்புத்தூர்ப் பெண், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினி அமைப்புகளைப் பார்த்துக்கொள்பவள். சங்கத்தின் கணினி வேலைகளைச் சும்மா செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். பெல் அக்கா சங்கத்தின் செயலாளர். இப்போது அவர் வேறு நகரத்தில் பேருந்து ஓட்டுகிறார். நானும் தேம்ஸுக்கு வடக்கே வந்துவிட்டேன்.

எனக்கு எதுவும் பட்டியலாகத்தான் நினைவுக்கு வரும். அவரைப் பற்றிய பட்டியலில் முதலில் இருப்பது கைப்பேசி. நான் ஒரு படத்தைக் காட்ட என் கைப்பேசியை நீட்டினால், அக்கா அந்த ஒரு படத்தைப் பார்ப்பார், நல்லாயிருக்குது என்பார், உடனே திருப்பித் தந்துவிடுவார். விரல் பக்கவாட்டில் நகரவே நகராது. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் நீட்டிப் பாருங்கள். ஐந்தாவது படத்தில்தான் நிறுத்துவார்கள்.

அடுத்தது, பள்ளியின் பண்டகசாலை. துடைப்பமும் நாற்காலிகளும் மட்டும் இருக்கும் அறை. அதற்கும் தட்டுவார். குழந்தைகள் உள்ளே ஒளிந்துகொண்டு, "யெஸ், கம் இன்!" என்று துடைப்பத்தின் குரலில் சொல்வார்கள். "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா உள்ளே போவார்.

அவர் ஓட்டிய சிவப்புப் பேருந்தில் கேமராக்கள் இருந்தன. நாள் முழுக்க உங்களையும்தானே பார்க்கிறது, கோபம் வராதா என்று கேட்டேன்.

"ஏன் வரப்போகுது? ஏறேக்கையே எழுதி ஒட்டியிருக்குது, கேமரா இருக்குதெண்டு. விருப்பமில்லாட்டி நடந்து போகலாம். சொல்லிப்போட்டுப் பாக்கிறது ஒண்டு, சொல்லாமல் பாக்கிறது வேற ஒண்டு."

காரணத்தை ஒரேயொரு தடவை சொன்னார். ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொழும்பில் ஒரு லொட்ஜில் பதினேழு வயதில் தங்கியிருந்தபோது தலை முழுகிக்கொண்டிருந்தாராம். "அந்த நாளில செக்கிங்குக்கு வாற ஆமி தட்டுறேல்லை," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குள்ள மிளகு கூடிப்போச்சு," என்றார். நான் மேலே கேட்கவில்லை.

தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர். ரயில்வேயில் சமிக்ஞைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலை முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பார், நாற்காலிகளைத் தானே வரிசையாகப் போடுவார். இரண்டு தடவை மூடியிருக்க வேண்டிய பள்ளி அவரால்தான் தப்பியது. அக்கா லண்டனுக்கு வந்து இறங்கியபோது, முதல் ஆறு மாதம் இருந்ததும் அவர் வீட்டுச் சின்ன அறையில்தான். அப்போது அவர் கொடுத்த முன்கதவுச் சாவியை அவர் திருப்பிக் கேட்கவேயில்லை. அது அக்காவின் கொத்தில் பச்சை நூல் கட்டித் தொங்கும். அந்த வீட்டுக்குப் போனாலும் மணிதான்.

தேநீர் இடைவேளையில் அவர்கள் இருவரும் சண்டை போடுவதைப் பார்க்கவே சில பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாமல் நிற்பார்கள். ஒருநாள் பேச்சு அமெரிக்க ஜனாதிபதிக்குப் போனது. நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் சொந்த நாட்டு மக்களின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கச் சொன்னால், அதற்காக ஒரு ஜனாதிபதியைப் பதவி நீக்கலாமா? எந்த ஜனாதிபதி என்பது முக்கியமில்லை; இந்தக் கேள்வி ஒருவர் போய் இன்னொருவர் வந்தாலும் அங்கே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"கொலை செய்தவனோ? லஞ்சம் வாங்கினவனோ?" என்றார் தலைவர். "நாட்டைக் காப்பாத்த ஒட்டுக்கேட்டிருக்கிறான். இதுக்கெல்லாம் இறக்கிறதெண்டா உலகத்தில ஒருத்தனும் கதிரையில இருக்கேலாது."

"கேட்டு வாங்கிறதுக்கு அங்கை ஒரு கோர்ட் இருக்குதெல்லோ அண்ணை. பேப்பரைக் கொண்டு போனா நீதவான் கையெழுத்து வைப்பார்."

"வைப்பார்தானே? எப்பிடியும் கிடைக்கிற கையெழுத்துக்கு ஏன் மினக்கெடுவான்?"

"கிடைக்கும் எண்டு தெரிஞ்சும் கேக்கேல்லை எண்டா, மறந்துபோனார் எண்டு அர்த்தமில்லை. தனக்கு மேல ஆரும் இல்லை எண்டு நினைச்சிட்டார். இறக்கிறதுக்கு அது போதும்."

"அவன் ஒட்டுக்கேட்டதால ஒரு குண்டு வெடிக்காமல் போயிருந்தா?"

"நன்றி சொல்லிப்போட்டு இறக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். "பெல் அக்காவுக்கு ஒரு அமெரிக்கன் வோட் எடுத்துக் குடுங்கோவன்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். தலைவர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். அக்காவின் கோப்பையில் தானே தேநீரை ஊற்றினார்.

அன்றைக்கு எனக்குத் தலைவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது. நான் வேலை செய்யும் இடத்தில் ஆயிரம் பேருடைய மின்னஞ்சல்களை என்னால் திறக்க முடியும். திறந்ததில்லை. திறந்தாலும் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கட்டடம் தந்திருந்த ஆங்கிலப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு யாரோ எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை ஆசிரியர்களைப் பற்றிய காவல்துறைச் சோதனை எதுவும் செய்யப்படவில்லை என்று அதில் இருந்தது. பொய். எல்லாச் சான்றிதழ்களையும் தலைவர் ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கிக் கொண்டுபோய்க் காட்டினார். கட்டடம் தப்பியது. ஆனால் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. செயற்குழுவில் இருப்பவருக்கோ ஆசிரியருக்கோ மட்டும் தெரிந்த இரண்டு விஷயங்கள் அந்தக் கடிதத்தில் இருந்தன.

எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, எல்லாற்ற மெயிலையும் நான் ஒருக்காப் பாக்கோணும். ஆருக்கும் சொல்லவேண்டாம்."

எல்லோருக்கும் சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவற்றின் திறவுகோல் என்னிடம் இருந்தது. நான் கொடுத்தவை:

ஒன்று, பதினான்கு ஆசிரியர்களின் பெட்டிகள்.
இரண்டு, செயற்குழுவில் ஏழு பேரின் பெட்டிகள்.
மூன்று, அழிக்கப்பட்ட கடிதங்கள் கிடக்கும் இடம். அதை அவர் கேட்கவில்லை. முழுமையாகச் செய்து பழக்கம் என்பதால் நானே சேர்த்தேன்.

பதினொரு நிமிடம் ஆனது. 'இது செயற்குழுவுக்குத் தெரியுமா?' என்ற கேள்விக்கு அரை நிமிடம் போதும். அதை நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் படித்தார். எழுதியவர் அகப்படவில்லை. இன்றுவரை யார் என்று தெரியாது.

தலைவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய நல்ல மனம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க ஒரு இளம் ஆசிரியை இருந்தாள். தஞ்சம் கேட்டு வந்தவள். குரோய்டனில் இருக்கும் அந்தப் பெரிய குடிவரவு அலுவலகம் மறுத்து, மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. இதில் எதையும் அவள் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை தலைவர் அவளிடம் ஒரு சிறு பொட்டலத்தை நீட்டினார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் விபூதி, குங்குமம், வாடிய இரண்டு செவ்வரளிப் பூ.

"தங்கச்சி, பயப்பிடாதையும். வெள்ளிக்கிழமை உம்மட பேரில அர்ச்சனை செய்தனான். எல்லாம் நல்லா முடியும்."

அவள் நன்றி சொன்னாள். பொட்டலத்தோடு அர்ச்சனைக்கு எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டும் மடித்து வந்திருந்தது. அவள் பெயர். கீழே, பூரட்டாதி, கும்பம்.

பக்கத்தில் தேநீர்க் கெண்டியோடு நின்ற அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே அழைத்துக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அக்காதான் பிறகு எனக்குச் சொன்னார்.

"என்ர நட்சத்திரம் இவருக்கு எப்பிடித் தெரியும் அக்கா? ஊரில கோயில்ல அர்ச்சனை செய்யச் சொல்லித் தம்பிக்கு மட்டும்தான் எழுதினனான்." பிறகு, "என்ர கேஸ் பேப்பர் முழுக்க அந்த மெயிலிலதான் கிடக்குது. எனக்கு நடந்தது எல்லாம் அதில எழுதியிருக்குது," என்றாளாம். லண்டனில் அவளுக்குக் கிடைத்த முதல் முகவரி அது. வழக்கறிஞருக்கும் அதையே கொடுத்திருந்தாள்.

மறுநாள் மதியம் என் வீட்டு மணி அடித்தது. திறந்தேன். அக்கா இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தார், பேருந்துச் சீருடையோடு.

"உள்ளுக்கு வரலாமோ?"

"என்னக்கா இது, வாங்க."

உட்கார்ந்ததும் கேட்டார். "மெயில் பெட்டியளின்ர திறப்பு ஆற்ற கையில இருக்குது?"

"எங்கிட்டதான்."

"ஆருக்காவது திறந்து குடுத்தனீரோ?"

நான் சொன்னேன். எந்த நாள், எத்தனை பெட்டி, எத்தனை நிமிடம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நான் போட்டுக்கொடுத்த தேநீரைத் தொடவும் இல்லை.

"செயற்குழுவுக்குத் தெரியுமோ எண்டு கேட்டனீரோ?"

"இல்லக்கா. தலைவர்தானே கேக்கிறாரு…"

"தலைவர்தான் எண்டபடியாத்தான் கேட்டிருக்கோணும்."

அந்த ஆசிரியையின் பெயர் வெளியே வரக்கூடாது என்றார். அவள் அழுது கேட்டுக்கொண்டாளாம். அப்படியானால், கூட்டப்போகும் பொதுக்கூட்டத்தில் நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று தலைவர். மற்றது நான்.

"அவர்கிட்ட நேர்ல போய்ச் சொன்னா மன்னிப்புக் கேட்டுடுவாருக்கா. நல்ல மனுஷன்."

"இஞ்சை வர முதல் அங்கைதான் போனனான். நல்ல மனுசன் எண்டு எனக்கோ சொல்லுறீர்? எனக்குச் சோறு போட்ட மனுசன்." மேசை மேல் கிடந்த தன் சாவிக்கொத்தைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்காகச் செய்தனான், தேவைப்பட்டாத் திரும்பவும் செய்வன் எண்டார். ஒருக்காச் செய்ததை நான் விட்டிருப்பன். அந்தத் 'திரும்பவும்' எண்டதை விடேலாது."

அன்றே நான் எல்லாப் பெட்டிகளையும் பூட்டினேன். இரண்டு வாரத்தில் பொதுக்கூட்டம் என்று அறிவிப்புப் போனது. பொருள்: தலைவரைப் பதவி நீக்கும் பிரேரணை. முன்மொழிபவர்: செயலாளர். அந்த இரண்டு வாரமும் கடையில், ரயிலடியில், கோயிலில் அக்காவைப் பார்த்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: உனக்கு இடம் தந்த வீட்டுக்கா இதைச் செய்கிறாய்? அக்கா எல்லோருக்கும், "ஓம்," என்றார்.

கூட்டம் பள்ளியின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளை வழக்கம்போலத் தலைவரே போட்டிருந்தார். சங்கத்தின் விதிகளான யாப்பில் தலைவரை நீக்க ஒரு வரிதான் உண்டு. 'பாரதூரமான நடத்தைப் பிழை' இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கை உயர்த்த வேண்டும். எது அவ்வளவு கடுமையான பிழை என்று யாப்பில் இல்லை.

"களவெடுத்தவரோ? ஆருக்காவது கைநீட்டினவரோ?" என்று ஒருவர் எழுந்தார். "மெயிலைப் பாத்ததெல்லாம் ஒரு குற்றமே? என்ர மனிசி என்ர போனை ஒரு நாளைக்கு மூண்டு தரம் பாக்கிறா. அவவை எந்தக் கூட்டத்தில இறக்கிறது?"

மண்டபம் சிரித்தது. அடுத்து என்னை அழைத்தார்கள்.

நான் நான்கு வரிகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என்ன கேட்கப்பட்டது. என்ன கொடுத்தேன். யாரிடமும் கேட்காமல் கொடுத்தேன். கொடுத்தது என் தவறு. நான் படித்து முடித்தபோது சிரிப்பு இல்லை. ஒவ்வொருவரும் தாங்கள் அந்த ஆறு வாரத்தில் என்ன எழுதினோம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

"ஆற்ற மெயிலில என்ன இருந்தது? அதைச் சொல்லுங்கோ அண்ணை," என்று ஒருவர் கேட்டார்.

தலைவர் எழுந்தார். கடைசி வரிசையில் அந்த இளம் ஆசிரியை தலையைக் குனிந்திருந்தாள். தான் ஒரு பெண்ணுக்காகக் கோயிலுக்குப் போனதைச் சொல்லியிருந்தால் பாதி மண்டபம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும்.

"வாசிச்சது ஒண்டையும் சொல்லமாட்டன்," என்றார். "அது என்னோட போகும்."

பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நான் செயற்குழுவைக் கேட்டிருந்தா, தந்திருப்பினம்தானே?"

"ஓம் அண்ணை. தந்திருப்பினம்." அக்காவின் குரல் பேருந்தில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல நிதானமாக இருந்தது. "அதாலதான் இந்தப் பிரேரணை."

தலைவர் உட்கார்ந்தார். அந்தத் தேநீர் இடைவேளையில் பேசியது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தீர்மானத்தில் மூன்று பகுதிகள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் பகுதி, இத்தனை ஆண்டுகள் இந்தப் பள்ளியைக் காப்பாற்றிய தலைவருக்குச் சங்கம் நன்றி சொல்கிறது. எல்லாக் கைகளும் உயர்ந்தன, கைதட்டல் நெடுநேரம் நிற்கவில்லை. இரண்டாம் பகுதி, அவர் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். கைகள் மெதுவாக எழுந்தன, சில பாதியில் நின்று பிறகு முழுதாக எழுந்தன. இரண்டு முறை எண்ணினோம். வேண்டியதற்கு மேல் இரண்டு கைகள். அந்த ஆசிரியையின் கை மடியிலேயே இருந்தது. மூன்றாம் பகுதி, இனிச் செயற்குழுவில் இருவரின் கையெழுத்து இல்லாமல் யாருடைய பெட்டியையும் யாரும் திறக்கக்கூடாது. இதுவரை திறந்துகொடுத்தவரிடமிருந்து அந்தப் பொறுப்பு எடுக்கப்படுகிறது. அந்தப் பகுதியை எழுதியது நான்.

அக்காவையே தலைவராக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். "எனக்கு ஷிப்ட் இருக்குது," என்று மறுத்துவிட்டார். தலைவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அவர் வீடு நான் நடந்துபோகும் வழியில் இருந்தது. அன்று அக்காவும் என்னோடு வந்தார். அந்த வாசலில் நின்று, மணியை ஒரு முறை அடித்தார். இரண்டடி பின்னால் வந்தார். முன்னறையில் விளக்கு எரிந்தது. திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. பச்சை நூல் கட்டிய சாவி அக்காவின் கையிலேயே இருந்தது.

"சாவி இருக்கேக்கா," என்றேன்.

"இருக்குது," என்றார். கால் மணி நேரம் நின்றுவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமையும் பள்ளி முடிந்து போனார். அதற்கடுத்ததும். மழையில் ஒரு வாரம், குடையோடு. பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தெரியும், நன்றி என்றார் அக்கா. பள்ளியில் இதையும் கேலி செய்தார்கள். பதவியைப் பிடுங்கிவிட்டுப் ஆசீர்வாதம் கேட்கப் போகிறாளா என்றார்கள். அக்கா அதற்கும், "ஓம்," என்றார்.

எத்தனையாவது வாரம் என்று நான் எழுதி வைக்கவில்லை. என் பட்டியல்களில் விட்டுப்போன எண் அதுதான். அன்று மணி அடித்துச் சிறிது நேரத்தில் கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு நின்றார். சற்று மெலிந்திருந்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார்.

"சாவி வைச்சிருக்கிறாய்தானே. ஏன் ஒவ்வொரு கிழமையும் வந்து நிக்கிறாய்?"

"நீங்கள் வா எண்டு சொல்லேல்லையே அண்ணை."

அவர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே நடந்தார். சமையலறையில் கெண்டி வைக்கும் சத்தம் கேட்டது. திறந்த கதவுக்கு முன்னால், கால்மிதியின் இந்தப் பக்கத்திலேயே அக்கா நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கோப்பைகள் மேசையில் வைக்கப்படுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"தேத்தண்ணி ஆறுது," என்றது உள்ளேயிருந்து குரல். அக்கா நகரவில்லை. பிறகு, "வாவன்."

அக்கா சாவிக்கொத்தைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றினார்.